ஆறு அறை, ஓர் இடைவெளி

அந்தமான் செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தில் ஏறினால் சுவர் நிறையப் பளிங்குப் பலகைகள். இங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வங்காளத்துப் பெயர்கள்தான் அதிகம். நான் தேடிப் போனது மூன்று பெயர்களை: கணேஷ் கோஷ், லோகநாத் பால், அனந்த சிங். 1930 ஏப்ரல் 18 இரவு, சூர்யா சென் தலைமையில் சிட்டகாங்கின் ஆயுதக் கிடங்குகளுக்குள் புகுந்தவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1932இல், கப்பலேற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த இரவில் துணைப்படையின் கிடங்கு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் ரைஃபிள்களும் கிடைத்தன. அவற்றுக்கான தோட்டாக்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஆயுதம் ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் இருந்தன. உயிரைப் பணயம் வைத்துப் போன இளைஞர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. துப்பாக்கி சுடுதல் கற்றுக்கொள்ளப் போன பிறகு அதே நிகழ்வு எனக்கு இன்னொன்றையும் காட்டியது. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒன்றாக வைக்காதே என்பது இன்று சிறுவர்கள் பழகும் ரேஞ்சிலும் முதல் நாளிலேயே சொல்லித்தரும் விதி. ஒரு தாக்குதலின் போக்கையே திருப்பக்கூடிய வலு அதற்கு இருந்திருக்கிறது.

ரேஞ்சின் விதிகள் வெறும் கட்டளைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்தக் கருவியின் இயற்பியல் இருக்கிறது. ரிவால்வரில் இது மற்றத் துப்பாக்கிகளைவிடத் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அதன் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் திறந்தே இருக்கின்றன.

முதலில் ரிவால்வர் போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு விதிப்படி ரிவால்வருக்கு இடமுள்ள முக்கியப் போட்டி 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல். காலிபர் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மொத்தம் 60 குண்டுகள், 600 புள்ளிகள். முதல் 30 நிதானச் சுற்று: ஐந்து குண்டுக்கு 5 நிமிடம். அடுத்த 30 விரைவுச் சுற்று: இலக்கு 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறையும்; ஒவ்வொரு முறையும் 45 பாகை தாழ்த்திய கையை உயர்த்தி ஒரு குண்டு மட்டும் சுட வேண்டும். இது ஒலிம்பிக்கில் இல்லாத போட்டி என்பதால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் இந்தியாவுக்குப் பெருமை சேர்த்த போட்டி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா காய்ச்சலோடு நின்று 590 எடுத்தார். அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்த எண் அது. இன்று இந்தப் போட்டியில் பெரும்பாலோர் கையில் இருப்பது பிஸ்டல்தான் என்றாலும், விதிப்புத்தகத்தில் ரிவால்வருக்கும் இடம் இருக்கிறது. உரிமம் பெற்ற இந்தியர்களிடம் அதிகம் காண்பது .32 ரிவால்வர். கான்பூரில் பல ஆண்டுகளாக அதைச் செய்கிறார்கள்; 2014இல் அங்கிருந்தே நிர்பீக் என்ற இலகுவான வகையும் வந்தது.

இனி தலைப்பில் சொன்ன இடைவெளிக்கு வருவோம். பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறையும் குழலும் ஒரே துண்டு. ரிவால்வரில் அவை தனித்தனி. ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் சுற்ற வேண்டும், குழல் அசையாமல் நிற்க வேண்டும். சுற்றுகிற ஒன்றும் நிற்கிற ஒன்றும் உரசாமல் இருக்க நடுவில் சந்து விட்டே ஆக வேண்டும். நல்ல ரிவால்வரில் அது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், எழுதும் தாள் ஒன்றரை அளவு தடிமன். தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிறது. குண்டு அந்தச் சந்தைத் தாண்டிக் குழலுக்குள் நுழையும் கணத்தில் கொதிக்கும் வாயு இரண்டு பக்கமும் பீறிடுகிறது.

அதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். ரிவால்வரை மேசையில் பிடிகருவியில் இறுக்கி, சிலிண்டரின் முன்விளிம்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்தி, பயிற்சியாளர் சுட்டுக் காட்டினார். தாளில் பென்சில் கோடு போட்டதுபோல் கரிய வரி. கோட்டின் நடுவில் தாள் கிழிந்திருந்தது, பிளேடால் கீறியதுபோல். சுற்றிலும் ஈயத் துகள்கள் மிளகுப்பொடி தூவினாற்போல ஒட்டியிருந்தன. தாளின் இடத்தில் நம் இடதுகைக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் போதும். ரைஃபிள் பழகியவர்களுக்கு இடது கையை முன்னால் நீட்டித் தாங்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். அவர்கள் கையில் ரிவால்வரைக் கொடுக்கும்போது சிலிண்டருக்கு முன்னால் விரல் போகவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சென்டர் ஃபயர் போட்டியில் ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும் என்பதால் வீரருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு? 25 மீட்டர் ரேஞ்சில் வீரர்களுக்கு இடையே ஒளி புகும் தடுப்பு வைப்பது பிஸ்டலிலிருந்து தெறிக்கும் வெற்றுக் கூடுகளுக்காக. ரிவால்வரிலிருந்து கூடுகள் தெறிக்காது. அதன் வாயுவையும் ஈயச் சிதறலையும் அதே தடுப்பு வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி அணியாமல் ரேஞ்சுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தச் சந்தைவிட ஆபத்தானது சிலிண்டரின் சுழற்சி. இதை நான் என் தவறிலிருந்தே கற்றேன்.

பயிற்சிக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நிதானச் சுற்று. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. பட்டாசு நமத்துப்போனால் அடுத்ததைக் கொளுத்துவதுபோல், யோசிக்காமல் கட்டைவிரலை மறுபடியும் சுத்தியலுக்குக் கொண்டுபோனேன்.

“தம்பி, விரலை எடுங்க. கை அப்படியே இருக்கட்டும். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும்” என்றார் பயிற்சியாளர். குரலை உயர்த்தவில்லை. “மறு கையைத் தூக்குங்க. முப்பது எண்ணுங்க.”

எண்ணினேன். முப்பது விநாடி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அவர் சிலிண்டரைத் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்துப் பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் தெளிவாக இருந்தது. அடி சரியாகவே விழுந்திருக்கிறது. தீ மட்டும் பிடிக்கவில்லை.

தோட்டாவுக்குள் நடப்பது ஒரு சங்கிலி. ஊசி பிரைமரை நசுக்குகிறது. பிரைமரின் பொறி வெடிமருந்துக்குப் போகிறது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. வழக்கமாக இவை எல்லாம் சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். பிரைமர் கெட்டிருந்தாலோ மருந்து ஈரமாகியிருந்தாலோ பொறி உள்ளே கனன்று கொண்டிருந்து தாமதமாகப் பற்றக்கூடும். தாமதம் பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவு. எல்லா நேரமும் அப்படித்தான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிஸ்டலில் இப்படி ஒரு தோட்டா தாமதித்தால், நாம் கை வைக்காத வரையில் அது குழலுக்கு நேராகவே இருக்கும். எப்போது வெடித்தாலும் குண்டு இலக்கை நோக்கித்தான் போகும். ரிவால்வரில் நான் சுத்தியலை இன்னொரு முறை இழுத்திருந்தால் சிலிண்டர் ஓர் அறை தள்ளிச் சுற்றியிருக்கும். கனன்றுகொண்டிருக்கும் தோட்டா குழலை விட்டு விலகிப் பக்கத்துக்கு வந்திருக்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியில்லை. எஃகுச் சட்டத்தில் மோதும், அல்லது சட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பாயும்.

போட்டியில் கருவி மக்கர் செய்தால் வீரர் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, வெறுங்கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசரை அழைக்க வேண்டும். தானாகக் கை வைத்தால் மறுவாய்ப்பு பறிபோகலாம். முன்பெல்லாம் இது ஏமாற்றுவதைத் தடுக்கும் விதி என்று எண்ணியிருந்தேன். உயிரைக் காக்கும் விதியும் அதுவேதான்.

சுற்றும் சிலிண்டர் நமக்கு ஒரு நல்லதும் செய்கிறது. பிஸ்டலின் அறைக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருந்தால் வெளியே தெரியாது. ‘காலி என்று நினைத்தேன்’ என்று சொல்லி நடந்த விபத்துகளில் பல அந்த ஒற்றைத் தோட்டாவால் நேர்ந்தவை. ரிவால்வரின் சிலிண்டரைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஆறு ஓட்டைகளிலும் வானம் தெரியும். ஒன்றில் தெரியாவிட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. ரேஞ்ச் ஆபீசர் இதைத்தான் பார்க்கிறார். பார்த்தபின் சிலிண்டர் திறந்தபடியே மேசையில் இருக்க வேண்டும். கூடவே குழலுக்குள் ஓர் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு இழையும் செருக வேண்டும். இலக்குகளைப் பார்க்க யாராவது முன்னால் நடந்துபோகும்போது எந்தத் துப்பாக்கியையும் யாரும் தொடக்கூடாது. சும்மா துடைப்பதற்குக்கூட. ஆறு அறை இருந்தாலும் போட்டியில் நிரப்புவது ஐந்துதான். அதுவும் ‘லோட்’ என்ற குரல் வந்த பிறகு. ‘ஸ்டாப்’ என்றால் பாதி அழுத்திய விசையையும் விட்டுவிட வேண்டும்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் ஒரு கப்பலிலிருந்து வந்தது. 1944இல், போர்க்காலத்தில், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ரிவால்வர் கைதவறி விழுந்தது. சுத்தியலில் அடிபட்டு வெடித்து ஒரு மாலுமி உயிரிழந்தார். உள்ளே இருந்த பாதுகாப்புத் தடை வேலை செய்யவில்லை. நிறுவனம் உடனே அந்தத் தடையை மாற்றி வடிவமைத்தது: விசையை முழுவதும் அழுத்தினால் ஒழிய சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஓர் எஃகுத் தகடு நிற்கும்படி. இன்றைய நல்ல ரிவால்வர்கள் எல்லாவற்றிலும் இதுபோன்ற ஏற்பாடு ஏதேனும் இருக்கிறது. ஆனாலும் ஓடிச் சுடும் போட்டிகளில், இந்தியாவில் அவ்வளவாக வேரூன்றாத ஐபிஎஸ்சி போட்டியில், சுடும் நேரத்தில் துப்பாக்கி கைநழுவி விழுந்தால் வீரர் அந்தப் போட்டியிலிருந்தே வெளியே. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சலுகை கிடையாது. அதே போட்டியில் தோட்டா மாற்றும்போதும் நகரும்போதும் விரல் விசைக்கூட்டுக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் 1999இல் ஆறு சுட்டு, தோட்டா மாற்றி, இன்னும் ஆறு சுட்டு, மொத்தத்தையும் 2.99 விநாடியில் முடித்தார். அந்த வேகத்திலும் தோட்டா மாற்றும் கணத்தில் அவர் விரல் எங்கே இருக்கிறது என்று காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவருடைய கலையை நான் மதிப்பது அங்கேதான்.

குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும் என்பதன் கணக்கு எளிது. 15 சென்டிமீட்டர் குழலின் முனை 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தள்ளி விழும். நிதானச் சுற்று இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர். அதன் நடுவிலிருந்து விளிம்புவரை போக முனை அசைய வேண்டிய தூரம் 0.15 மில்லிமீட்டர்தான், சிலிண்டருக்கு முன்னால் இருக்கும் அந்தச் சந்தின் அகலமும் அதுவே. மணிக்கட்டு 5 பாகை திரும்பினால் 2 மீட்டருக்கு மேல் விலகல், பக்கத்து வீரரின் இலக்கையும் தாண்டி. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் துப்பாக்கியோடு திரும்பிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. உடம்பு திரும்பினால் கையும் கூடவே வரும். முதலில் துப்பாக்கியைக் கீழே வை, பிறகு திரும்பு.

தீவில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தமானுக்கு வந்த நண்பர் ஒருவர் கேட்டார்: “சுற்றிலும் கடல்தானே, கடலைப் பார்த்துச் சுட்டால் யாருக்கு என்ன?” நிலத்தில் வாழ்பவர்களுக்குத் தோன்றும் இயல்பான கேள்விதான். ஆனால் கடல் குண்டை விழுங்குவதில்லை. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசித் தத்தவிட்டிருப்போம். ஈயக்குண்டும் அப்படியே தத்தும். உருண்டையான பொருள் நீரில் எந்தக் கோணத்துக்குக் கீழே பட்டால் தத்தும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 18 பாகையை அந்தப் பொருளின் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஈயத்துக்கு ஒப்படர்த்தி 11.3, கோணம் ஏறக்குறைய 5.4 பாகை. .32 ரிவால்வரின் குண்டு விநாடிக்குச் சுமார் 220 மீட்டர் வேகத்தில் புறப்படும். கரையில் நின்று தோளளவு உயரத்தில், கிடைமட்டமாகச் சுட்டால் 120 மீட்டருக்குச் சற்று முன்பின்னாக அது நீரைத் தொடும். தொடும் கோணம் ஒன்றரை பாகைகூட இருக்காது. நீண்ட குண்டுக்கு உருண்டையின் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வித்தியாசம் அவ்வளவு பெரியது. குண்டு தத்தும், எந்தத் திசையில் என்று யாருக்கும் தெரியாது. வானை நோக்கி உயர்த்திச் சுட்டாலோ ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே போகலாம். ஜங்லிகாட் மீன்பிடித் துறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் சிறிய டிங்கியில் தலைகுனிந்து வலை பிரிக்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

கடல் பக்கம் ராணுவச் சுடுபயிற்சி நடக்கும் நாள்களில் எந்தப் பரப்பு, எந்த நேரம் என்று கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்னதாகவே எச்சரிக்கை தருவது இதனால்தான். நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளைப் பகுதியாக 2001இல் இங்கே அமைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளைக்கு இது அன்றாட வேலை. ஒரு சிறிய ரேஞ்சுக்கு அத்தனை ஏற்பாடு முடியாது. அதற்கு வேண்டியது குண்டை அங்கேயே நிறுத்தும் மண்கரை. மண் என்றால் கல் பொறுக்கிய மண். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடத்தில் கரையின் மண் அரித்துக் கல் தலைநீட்டிவிடும். கல்லில் பட்ட குண்டு திரும்பி வரலாம். ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் மண்வெட்டியோடு கரையைச் சீர் செய்பவரும் ரேஞ்சின் பாதுகாப்பு அதிகாரிதான் என்று நான் எண்ணுகிறேன், அவர் சட்டையில் பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காதுக்கும் கைக்கும் இரண்டு வார்த்தை. ரிவால்வரின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும்; 140க்கு மேல் ஒரே ஒரு வெடிகூட உட்காதின் மயிர்ச்செல்களை நிரந்தரமாக அழிக்க வல்லது, அவை மீண்டும் முளைப்பதில்லை. ஈயம் உடம்பில் எவ்வளவு சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுட்டு முடித்த கையால் வடையைத் தொடாதீர்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் சட்டையையும் மாற்றுங்கள்.

உப்புக்காற்று தீவின் தனிக்கவலை. ஆண்டின் பெரும்பகுதியும் ஈரப்பதம் தணியாத ஊரில் எஃகு ஒரே இரவில் சிவந்துவிடும். அதற்கு மருந்து எண்ணெய். ஆனால் எண்ணெய் துடைத்த அறையில் அப்படியே தோட்டாவை விட்டால், அது மெல்லக் கசிந்து பிரைமரையோ மருந்தையோ கெடுக்கலாம். கெட்ட தோட்டா சில வேளை முழுவதும் வெடிக்காமலும் முழுவதும் அடங்காமலும் பாதியில் நிற்கும். ‘டுமீல்’ இருக்காது, பாட்டில் மூடி திறந்ததுபோல் ‘டப்’. குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. இங்கே ரிவால்வர் சில நேரம் நம்மைக் காப்பாற்றுகிறது: குண்டு பாதி அறையிலும் பாதி குழலிலுமாக மாட்டினால் சிலிண்டர் சுற்றாது, விசையும் அசையாது. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போய் நின்றுவிட்டால் சிலிண்டர் வழக்கம்போல் சுற்றும். அடைபட்ட குழலுக்குள் அடுத்த குண்டு போய் மோதும். குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். சத்தம் வேறு மாதிரி கேட்டால் நிறுத்து என்பது இந்த இரண்டு சென்டிமீட்டருக்காக. விரைவுச் சுற்றில் 7 விநாடிக்குள் இதைக் காதால் கண்டுபிடித்துக் கையை அடக்குவது பெரிய திறமை. பதக்கப் பட்டியலில் அது வராது.

போட்டிக்கு முன் விசையின் கனத்தையும் சோதிப்பார்கள். 1000 கிராம் எடையை விசையில் மாட்டி, சுத்தியல் இழுத்த ரிவால்வரைக் குழல் மேலே பார்க்க மெதுவாகத் தூக்குவார்கள். எடை தரையை விட்டு எழ வேண்டும், சுத்தியல் விழக்கூடாது. அதற்கும் குறைவான அழுத்தத்துக்கு விடுபடும் விசை, பதற்றமான விரலின் நடுக்கத்துக்கே இடம் கொடுத்துவிடும். அந்த எடை கயிற்றில் ஆடாமல் நிற்கும் கணத்தில் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

நாட்டின் சட்டமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கு, 2019இல் திருத்திய ஆயுதச் சட்டம் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. மேலே போன குண்டு எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

சிறையை விட்டு வெளியே வந்து மதில் ஓரம் நின்றேன். எதிரே ராஸ் தீவு, இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு பயணிகள் படகு அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் என் பயிற்சியாளர் ரேஞ்சை மூடும் மாலை நேரம் அது. ரிவால்வரின் ஆறு ஓட்டைகளையும் வெளிச்சத்தில் பார்ப்பார், ஒவ்வோர் அறையையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பார். துப்பாக்கி இடப்பக்க இரும்பு அலமாரிக்குள் போகும். தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து மறு அறைக்கு நடப்பார். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று அவரிடம், மற்றது அலுவலக எழுத்தரிடம்.